தலையில் ஒன்றரை லட்சம்

போன வாரம் ராஜி ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஒலிநூல் நிலையத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். படத்தில் ஒரு ஹெட்போன். இரண்டு காதுப் பக்கமும் அடைப்பு இல்லாமல், கொசுவலை அடித்த ஜன்னல் மாதிரி திறந்திருந்தது. கீழே விலை. அதற்கும் கீழே ராஜியின் கேள்வி: “அண்ணாச்சி, இது இந்த விலைக்குத் தகுமா தகாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. பதினோரு மணிக்கு மீட்டிங்.”

ஒரே வார்த்தையில் சொல்கிற விஷயமா இது? நாற்பது நிமிஷம் பேசிக் குரல் பதிவாக அனுப்பினேன். அவள் ஒரு கும்பிடு படத்தைப் போட்டு, “எழுதியே குடுத்துருங்க அண்ணாச்சி, நிதானமாப் படிச்சுக்கிடுதேன்” என்றாள். மீட்டிங்கில் என்ன முடிவு எடுத்தார்களோ தெரியாது. எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷ வேலையில் நான் அதிகமாகத் துள்ளிக் குதித்ததும் அதிகமாக அசடு வழிந்ததும் இந்த ஒரு கேள்வியில்தான்.

எனக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். வீட்டில் நெல் வயல். வயலில் இவனுக்குப் பிடித்தது பம்ப்செட் ஓடுகிற சத்தம் மட்டும்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் சினிமாக்காரர்கள் வருவார்கள். ஊரே கதாநாயகியைப் பார்க்க நிற்கும்போது நான் ஒலிப்பதிவு செய்கிறவர் பக்கத்தில் போய் நிற்பேன். ஒரு நாள் அவர் தன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். பத்தடி தள்ளி ஒரு இலை இன்னொரு இலையோடு உரசுவது காதுக்குள் கேட்டது. வயலுக்கும் எனக்கும் அன்றோடு தீர்ந்தது. அப்புறம் ஐ.டி.ஐ., செங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர்க் கடை, கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் மைக் செட் கட்டியது என்று ஒன்பது வருஷம். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, காது செவிடாகாமல் தப்பித்ததைத் தவிர.

பிறகுதான் இந்த நிலையம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு அறக்கட்டளை நடத்துகிற ஒலிநூல் நிலையம். பார்வை இல்லாதவர்களுக்காகப் பாடப் புத்தகம், பரீட்சைப் புத்தகம், கதைப் புத்தகம் என்று எல்லாவற்றையும் ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்து கொடுப்போம். அறைக்குள் ஒருவர் வாசிப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பதிவு செய்வேன். பதிவானதை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, பிழை கண்ட இடத்தில் பொத்தானை அழுத்திக் குறிக்க வேண்டும். தாள் புரளும் சத்தம், எச்சில் விழுங்கும் சத்தம், சாலையில் போகிற லாரி ஹாரன், பொருள் இடறுகிற மாதிரி விட்டுப்போன வரி, தப்பாகச் சேர்த்து வாசித்த சொல், எல்லாம் கணக்கு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கேட்க வேண்டும். அந்த வேலையில் இருந்தவள் செண்பகவல்லி.

செண்பகத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆய்க்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல், “கண்ணு இல்லைன்னா காது ரொம்பக் கூர்மையா இருக்கும்லா?” என்பார்கள். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. பன்னெண்டு வருசம் இதே வேலையப் பாத்தா உங்களுக்கும் வரும்” என்பாள். வந்தவர்களுக்கு முகம் சுண்டிவிடும். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் காதில்தான் வினை வந்தது. எங்களிடம் இருந்தது காதை மூடி அடைக்கிற வகை ஹெட்போன். தென்காசி வெயிலில் ஆறு மணி நேரம் அதை மாட்டியிருந்தால் காது வெந்துவிடும். வேர்வை இறங்கி, உள்ளே பூஞ்சை பிடித்து, வீங்கி, சீழ் வைத்தது. சொட்டு மருந்து விட்டால் ஆறும். மறுபடி மாட்டினால் மறுபடி வரும். நாலாவது தடவை காது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், காதை அடைக்கிற கருவிதான் என்றால் இந்த வேலையே வேண்டாம், காது கேட்பதே போய்விடும் என்று. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுப் பார்த்தோம். சின்னப் பிழைகள் எல்லாம் நழுவிப்போயின. போதாததற்குச் சுவர் தாண்டி ஒலிப்பதிவு அறைக்குள்ளும் அந்தச் சத்தம் போயிற்று. ஒரு மாதம் விடுப்பு கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் வழி பிறக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வது என்று அறக்கட்டளைக் கமிட்டியில் பேசி முடித்துவிட்டார்கள். வீட்டில் அவளும் பீடி சுற்றுகிற அம்மாவும்தான். மாதச் சம்பளம் என்று வருவது இவளுடையது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துப் புளியறையிலிருந்து சுடலைமணி அண்ணாச்சி வந்தார். ஆறு லாரி வைத்துக் கேரளாவுக்கு ஓட்டுகிறவர். அவருடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய், எங்கள் ஒலிநூல்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். “அம்மை போறதுக்கு மொத நாளு வரைக்கும் கேட்டா. அவ பேருல ஒசந்ததா ஒண்ணு செய்யணும். என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். நான் செண்பகத்தின் காதுக் கதையைச் சொன்னேன். அவருடைய தங்கை மகன் பெங்களூரில் இன்ஜினியர், ஹெட்போன் பைத்தியம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவன் தன்னுடைய இரண்டு ஓப்பன் பேக் ஹெட்போன்களோடு வந்து நின்றான்.

ஓப்பன் பேக் என்றால் பின்பக்கம் அடைப்பு இல்லாதது. காற்று தாராளமாகப் போய்வரும், அதனால் காது வேகாது. உள்ளே ஓடுவது வெளியே கேட்கும், வெளியே கத்துவது உள்ளே கேட்கும், அது வேறு விஷயம். அவன் கொண்டுவந்ததில் ஒன்று ஒன்றரை லட்சம். அதை ஓட்ட அதற்கென்று தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி. இன்னொன்று பதினெட்டாயிரம். “இது சும்மா ஒப்பிட்டுப் பாக்கதுக்கு” என்று அதை ஓரமாக வைத்தான். பத்து நாள் இரண்டும் எங்களிடம் இருக்கும். நான் கேட்டுப் பார்த்து விலைக்குத் தகும் என்று எழுதிக் கொடுத்தால், மாமா அதேபோலப் புதிதாக ஒன்று வாங்கித் தருவார். ஏற்பாடு அவ்வளவுதான்.

அவன் கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் ஒன்றரை லட்சத்தைத் தலையில் மாட்டியிருந்தேன்.

முதலில் போட்டது என்னுடைய ஐந்தருவிப் பதிவு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாசம், சாரலில் குடையை மைக்குக்குப் பிடித்துவிட்டு நான் நனைந்துகொண்டு எடுத்தது. நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பொத்தானை அழுத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அருவி தலைக்குள் விழவில்லை, எதிரே விழுந்தது. ஐந்து கிளையும் தனித்தனியாக இருந்தன. இடது கோடியில் ஒல்லியாக ஒன்று பாறையில் தட்டித் தட்டி இறங்கியது. நடுவில் உள்ளது கனமாக மொத்தென்று விழுந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில், தெளிவாக ஒரு பொம்பளைக் குரல்: “ஏட்டி, எண்ணெய்க் குப்பிய எங்கன வச்ச?”

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. குரல் பதிவில்தான் இருக்கிறது. பதினோரு வருஷமாக அந்த அம்மா என் பதிவுக்குள் எண்ணெய்க் குப்பியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்கு இப்போதுதான் கேட்கிறது. உடனே ஒரு தாளை எடுத்து, விலைக்கு முற்றிலும் தகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோமதிநாயகம் சார் அறைக்கு ஓடினேன்.

கோமதிநாயகம் சார் எங்கள் தொழில்நுட்ப மேற்பார்வையாளர். இலஞ்சியில் கோயில் காரியங்களைப் பார்த்துவந்த பழைய குடும்பம். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்னாலும் அதில் கை துடைத்துக்கொள்வார். ஒரு முழ வயர் வேண்டுமென்றாலும் கருவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். தொலைந்தாலும் உடைந்தாலும் கையெழுத்துப் போட்டவன் பொறுப்பு. புதுக் கருவி எதையும் அவர் நேரில் சோதிக்காமல் நிலையத்துக்குள் விட்டதில்லை.

“என்னவே, முகமெல்லாம் ஜொலிக்கி?” என்றார்.

“ஒன்றரை லட்சம் கம்மி சார். ரெண்டு லட்சம் குடுக்கலாம்.”

அவர் தாளைப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். “எவ்வளவு சத்தத்துல கேட்டீரு?”

எனக்குச் சுருக்கென்றது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

சார் பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டினார். ஓட்டையில் சத்தம் அளக்கிற மீட்டரின் மூக்கைச் செருகினார். சோதனைக்கென்று ஒரு இரைச்சல் உண்டு, கேட்டால் குற்றாலத்து மெயின் அருவிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். அதை ஓட்டி, ஹெட்போனின் ஒரு காதை அட்டைமேல் படுக்க வைத்து அளந்தார். பிறகு அடுத்தது. பிறகு எங்கள் பழைய மூடிய ஹெட்போன். அந்தத் தனிப் பெட்டியின் உபயத்தில் ஒன்றரை லட்சம் மற்ற இரண்டையும்விட நன்றாகவே உரக்க ஓடியிருந்தது.

“சத்தம் கூடினா எல்லாமே நல்லாத்தான்வே கேக்கும். மைக் செட் போட்ட உமக்குத் தெரியாததா?” என்றார்.

மூன்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தார். என்னை மறுபடி ஐந்தருவியைக் கேட்கச் சொன்னார். முதலில் பதினெட்டாயிரத்தில். எண்ணெய்க் குப்பி அம்மா இருந்தாள். “இப்பப் பழசுல கேளும்” என்றார். மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன்.

“என்ன கேக்கு?”

“எண்ணெய்க் குப்பி சார்.”

“பதினோரு வருசமா எங்கவே போயிருந்தா?”

எங்கேயும் போகவில்லை. இருக்கிறாள் என்று தெரியாததால் கேட்கவில்லை, தெரிந்த பிறகு எதில் போட்டாலும் கேட்டது. ராஜி, இதை மட்டும் மூன்று தடவை படி. இணையத்தில் எழுதுகிற முக்கால்வாசிப் பேர், புது ஹெட்போனில் இதுவரை கேளாததைக் கேட்டேன் என்றுதான் எழுதுகிறார்கள். பழையதைத் திரும்ப எடுத்து மாட்டிப் பார்த்தேன் என்று எழுதியவரை நான் இன்னும் படிக்கவில்லை.

சார் அதோடு விடவில்லை. தோளில் கிடந்த துண்டால் என் கண்ணைக் கட்டினார். கனத்தை வைத்து எது என்று கண்டுபிடித்துவிடுவேன் என்பதால், முடி வெட்டுகிறவர் மாதிரி என் பின்னால் நின்று, ஹெட்போனைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டார். விலை கூடியது எது என்று சொல்ல வேண்டும். அருவிப் பதிவில் இருபது தடவைக்குப் பதினேழு சரியாகச் சொன்னேன். அது பொய்யில்லை, அருவியை விரித்துக் காட்டுவதில் அது ராஜாதான். பிறகு சார் பாடப் புத்தகப் பதிவைப் போட்டார், ஒரு பெண் பொருளியல் வாசிக்கிற பதிவு. இருபதுக்குப் பதினொன்று. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

“நம்ம வேலை அருவியா, பாடமா?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஐந்து நிமிஷம் கேட்பது வேறு, ஆறு மணி நேரம் கேட்பது வேறு, விலை கூடியது நாள் பூராவும் சோர்வு இல்லாமல் வைத்திருக்கும் என்று வாதாடினேன். அதை என் காதில் சோதித்துப் பயனில்லை, வேலை பார்க்கிற காதில்தான் சோதிக்க வேண்டும் என்றேன். சார் யோசித்துவிட்டு, “அது நியாயம்” என்றார். அவர் வாயால் அந்தச் சொல்லை வாங்கியதில் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் அடுத்து என்னைக் கவிழ்த்தது.

செண்பகத்தை வரவழைத்தோம். காது ஆறியிருந்தது. அடைக்காத கருவி என்றால் கேட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். அவளுடைய பழைய அறை சாலையைப் பார்த்தது. சீசனில் குற்றாலம் போகிற வண்டிகளின் ஹாரன் ஓப்பன் பேக்கில் நேரே காதுக்குள் வந்துவிடும். அதனால் பின்பக்கம் பழைய ஒலிநாடாக்களை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து அங்கே மேஜை போட்டோம். நாலு நாள் சோதனை. முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றரை லட்சம், நடு இரண்டு நாளும் பதினெட்டாயிரம். ஒவ்வொரு நாளும் வேறு பாடம். ஒவ்வொன்றிலும் முப்பது பிழைகளைச் சாரே உள்ளே வைத்தார். எங்கே வைத்தார் என்று எனக்கும் சொல்லவில்லை. பட்டியலை உறையில் போட்டு ஒட்டிப் பீரோவில் பூட்டினார்.

முதல் நாள் காலையில் நான்தான் அவள் தலையில் மாட்டிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “செண்பகம், இன்னைக்கு ஒந் தலையில என்ன ஏறியிருக்கு தெரியுமா? ஒன்றரை லட்சம். தென்காசி ஜில்லாவுலயே இப்படி ஒண்ணு இருக்குமான்னு சந்தேகம்.”

“ஒன்றரை லட்சமா அண்ணாச்சி?” என்றாள்.

“பின்ன? கேட்டுப்பாரு, அசந்துருவ.”

அன்று முழுவதும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் எட்டிப் பார்த்தேன். தலையை அசைக்கவே இல்லை. நேராக நிமிர்ந்து, இடது கையில் வயரைப் பிடித்துக்கொண்டு, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவு லயித்துக் கேட்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் பதினெட்டாயிரத்தை மாட்டியபோது இதைப் பற்றி ஒன்றும் விசேஷமாகச் சொல்லவில்லை, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். அன்றைக்கு அவள் நாற்காலியில் சாய்ந்தாள், சடையை முன்னால் எடுத்துப் போட்டாள், காலை ஆட்டினாள், காபி குடித்தாள். ஆள் கவனமாக இல்லை என்று நான் கவலைப்பட்டேன்.

ஐந்தாம் நாள் சார் உறைகளைப் பிரித்தார். பதினெட்டாயிரத்தில் அவள் தவறவிட்டது ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஒன்று. ஒன்றரை லட்சத்தில் முதல் நாள் ஒன்பது, கடைசி நாள் ஏழு.

வயரில் கோளாறு என்றேன். பெட்டியில் கோளாறு என்றேன். பாடம் கடினம் என்றேன். சார் செண்பகத்தைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“அந்தப் பெரிய ஹெட்போன்ல எதும்மா சரியாக் கேக்கல?”

“எல்லாம் கேக்கு சார். நல்லாத்தான் கேக்கு.”

“பின்ன ஏன் விட்டுப்போச்சு?”

அவள் விரல்களைப் பிசைந்தாள். பிறகு மடமடவென்று சொன்னாள். “ஒன்றரை லட்சம்லா சார். எங்க அம்மை விடிஞ்சதுலேருந்து பீடி சுத்துதா, அவ எத்தன வருசம் சுத்தினா அது வரும்? அதத் தலைல வச்சுக்கிட்டு நான் பாடத்த எப்படிக் கேக்க? குனிஞ்சா வழுக்கிருமோ, வயரு காலுல மாட்டிருமோன்னு அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். போன வருசம் ஒருத்தரு மைக்கக் கீழ போட்டதுக்கு நீங்க மூணு நாளு அவருகிட்டப் பேசல. எனக்குத் தெரியும் சார்.”

“அந்த இன்னொரு ஹெட்போன்?”

“அது சும்மா ஒப்பிட்டுப் பாக்கதுக்குன்னு அண்ணாச்சி சொன்னாங்க. எரநூறு முந்நூறு ரூவா இருக்கும்னு நெனச்சேன்.”

சார் என்னைப் பார்த்தார். “விலைய நீரா சொன்னீரு?” என்று கேட்கவே இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. சத்தத்தைச் சமப்படுத்த அட்டை வெட்டினோம், கண்ணைக் கட்டினோம், பிழைப் பட்டியலைப் பூட்டி வைத்தோம். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு விலையை மட்டும் அவள் காதில் ஓதியவன் நான்தான். முப்பது வருஷம் சத்தத்தோடு புழங்கியவன் செய்கிற காரியமா அது?

“விலை பொய்னு சொல்லி இன்னொரு தரம் சோதிச்சிருவோம் சார்” என்றேன்.

“வாங்கின பொறவு எத்தன நாளுவே பொய் சொல்லுவீரு?” என்றார் சார்.

அன்று சாயங்காலம் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். அருவி கேட்க ஒன்றரை லட்சம் தகும், எங்கள் மேஜையில் பாடம் கேட்கப் பதினெட்டாயிரம் போதும், அதற்குமேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் கேட்கிறவளுக்குப் பாரம். எழுதும்போது கை நோகத்தான் செய்தது. அந்த ஐந்து கிளை அருவி மறுபடி எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

நோவதைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. விடுப்பு முடிய இன்னும் நாலே நாள். அம்மா பேரில் உயர்ந்ததாகச் செய்ய வந்தவரிடம் மட்டமானது போதும் என்று சொன்னால், போங்கடா என்று எழுந்து போய்விட்டால், செண்பகத்துக்குப் பதினெட்டாயிரமும் கிடையாது, வேலையும் கிடையாது. நிலையத்தில் அதை வாங்கவும் பணம் இல்லை.

சுடலைமணி அண்ணாச்சி வந்தார். தாளைப் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

“எங்க அம்மை பேருக்கு ரெண்டாந்தரமா செய்யச் சொல்லுதிய?” என்றார். “ஊருல எல்லாத்துட்டயும் சொல்லியாச்சு. குடுத்தா அதக் குடுப்பேன், இல்லன்னா விட்டுருங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் பேசினாள். அவளுக்குக் கொடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதால் சார் அவளையும் உட்கார வைத்திருந்தார். “அண்ணாச்சி, நீங்க அதக் குடுத்தா நான் வேண்டாம்னு சொல்லல. மாட்டிக்கிடுதேன். ஆனா வேலை கெட்டுப்போகும். அப்பொறம் அதப் பீரோவுல வச்சுப் பூட்டிருவாங்க. உங்க அம்மை பேரு பீரோக்குள்ள இருக்கும்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு திடீரென்று சிரித்துவிட்டார். “போன மாசம் புது வண்டி ஒண்ணு எறக்கினேன்” என்றார் எங்களைப் பார்த்து. “நம்ம டிரைவர்ட்ட, கீறல் விழுந்துச்சு, ஒன்ன உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன்னு சொல்லி அனுப்புனேன். பயபுள்ள எதுத்தாப்புல எந்த வண்டி வந்தாலும் ஓரங்கட்டி நிப்பாட்டிட்டான். வாழைத்தாரு பூராவும் வழியிலயே பழுத்துட்டு. அவனத் திட்டுனேன். என்னையத்தான் திட்டியிருக்கணும்.”

அத்தோடு அவர் மனசு இறங்கிவிட்டது. சின்னதிலேயே இரண்டு வாங்கித் தருவதாகச் சொன்னார், ஒன்று பழுதானால் மற்றொன்று. அப்போதுதான் சின்னதன் விலையும் பேச்சில் வந்துவிட்டது. செண்பகம் நிமிர்ந்தாள்.

“பதினெட்டாயிரமா? அதுவும் விழுந்தா, சார்?”

“விழுந்தா விழட்டும்” என்றார் கோமதிநாயகம் சார்.

“உங்க குரலு நடுங்குது சார். எனக்குக் கேக்கு.”

சுடலைமணி அண்ணாச்சி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கருவிப் பதிவேட்டை எடுத்துவந்தார். புதுப் பக்கத்தில் ஹெட்போன் இரண்டு என்று எழுதினார். யார் எடுத்துப் போகிறார்களோ அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு, தான் என்ன செய்தார் என்பதை அவளுக்குச் சத்தமாகச் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் வேறொருவர் கருவிக்கு அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆகையால் ராஜி, உன் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. கேட்கப்போவது என்ன, எவ்வளவு நேரம், எந்த அறையில் என்று முதலில் எழுது. சத்தத்தைச் சமப்படுத்து. விலையை வாய்விட்டுச் சொல்லாதே. வீட்டில் உட்கார்ந்து அருவி கேட்கிறவன் ஒன்றரை லட்சம் கொடுத்தால் நான் அவனைக் கேலி செய்யமாட்டேன், பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வேன். மற்றபடி, மாட்டப்போகிறவளின் தலையில் மாட்டிவிட்டு, அவள் கழுத்து விறைத்திருக்கிறதா என்று பார்.

புது ஹெட்போன் வந்து மூன்றாவது வாரம். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மத்தியானம் நானும் சாரும் நடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பின்னறையில் படாரென்று ஒரு சத்தம், தொடர்ந்து சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் உருளுகிற சத்தம். அது என்ன சத்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. சார் எனக்கு முன்னால் ஓடினார். வாசல்படியில் போய் நின்றுவிட்டார்.

செண்பகம் மேஜைக்கு அடியில் முட்டிபோட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். வயர் கைக்குக் கிடைத்தது. இழுத்து எடுத்து, முந்தானை முனையில் துடைத்து, வாயால் ஒரு ஊது ஊதித் தலையில் மாட்டிக்கொண்டாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். நாங்கள் வாசலில் நிற்பது அவளுக்குக் காலடியிலேயே தெரிந்திருக்கும்.

“ஓடுது சார்” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி, நாலாம் பாடத்துல, விழுறதுக்குச் செத்த முன்னால, வாசிக்கிற பிள்ளை ஒரு வரிய முழுங்கிட்டா. எடுத்துப் பாருங்க” என்றாள்.

சார் தன் அறைக்குத் திரும்பிப் போனார். நான் புத்தகத்தை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தேன். முழுங்கித்தான் இருந்தாள்.